சிறைக்காவலர் வேலைக்கு விண்ணப்பிக்கும் டெல்டாப் பிள்ளைகள் கேட்கும் கேள்விகள்

மன்னார்குடிப் பக்கம் சீருடைப் பணித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு மாலை நேரங்களில் பாடம் சொல்லித்தருகிறேன். என் சித்தப்பா சிறைத்துறையில் தலைமைக் காவலராக இருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். உள்ளே நடப்பது பற்றிய பதில்களில் சித்தப்பா சொன்னது நிறைய இருக்கிறது.

சிறைக்காவலர் வேலைக்குத் தனியாகத் தேர்வு உண்டா, போலீஸ் தேர்வேதானா?

ஒரே தேர்வுதான். தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் இரண்டாம் நிலைக் காவலர், இரண்டாம் நிலை சிறைக்காவலர், தீயணைப்பாளர் மூன்றுக்கும் சேர்த்து ஒரே அறிவிக்கை வெளியிடுகிறது. விண்ணப்பமும் எழுத்துத் தேர்வும் மைதானமும் எல்லாருக்கும் ஒன்றே. எந்தத் துறைக்குப் போகிறீர்கள் என்பதை மதிப்பெண்ணும் இட ஒதுக்கீடும் நீங்கள் கொடுக்கும் விருப்ப வரிசையும் சேர்ந்து முடிவு செய்யும்.

அந்த விருப்ப வரிசையைப் பிள்ளைகள் யோசிக்காமல் நிரப்புவதுதான் எனக்கு வருத்தம். முதலில் போலீஸ், அப்புறம் தீயணைப்பு, கடைசியில் ஜெயில் என்று பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் போட்டதைப் பார்த்துப் போட்டுவிடுகிறார்கள். மூன்றும் மூன்று விதமான வாழ்க்கை. சிறைத்துறையை முதலில் போடத்தக்க பிள்ளைகள் இருக்கிறார்கள். யார் என்பதைக் கீழே சொல்கிறேன்.

எத்தனை இடம் வரும்?

போலீஸோடு ஒப்பிட்டால் குறைவு. 2022 அறிவிக்கையில் மொத்தம் 3,552 இடங்களில் சிறைக்காவலர் 161. 2023-ல் 3,359-ல் 86. 2025-ல் 180. இந்த எண்ணிக்கையைப் பார்த்து மனம் தளர வேண்டாம். போட்டி மூன்று துறைக்கும் சேர்த்துத்தான் நடக்கிறது. நல்ல மதிப்பெண்ணோடு சிறைத்துறையை முதல் விருப்பமாகக் கொடுப்பவர்கள் அதிகம் இல்லை.

வயது, படிப்பு, சம்பளம்?

பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். 18 வயது முடிந்திருக்க வேண்டும். பொதுப் பிரிவுக்கு 26 வரை, பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 28, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் திருநர்களுக்கும் 31, ஆதரவற்ற விதவைகளுக்கு 37, முன்னாள் படைவீரர்களுக்கு 47. வயதை எந்தத் தேதியில் கணக்கிடுகிறார்கள் என்பது அறிவிக்கையிலேயே இருக்கும். ஒரு நாள் தள்ளிப்போய் வாய்ப்பு இழந்த பிள்ளைகள் உண்டு, அந்த வரியைக் கவனித்துப் படியுங்கள். அடிப்படைச் சம்பள விகிதம் 18,200 முதல் 67,100 வரை. அகவிலைப்படியும் மற்ற படிகளும் தனி.

எழுத்துத் தேர்வு எப்படி இருக்கும்?

இரண்டு பகுதி. முதலாவது தமிழ் மொழித் தகுதித் தேர்வு, 80 கேள்வி, 80 நிமிடம். அதில் 40 விழுக்காடு, அதாவது 32 மதிப்பெண் எடுக்காவிட்டால் இரண்டாவது விடைத்தாளைத் திருத்தவே மாட்டார்கள். அந்த மதிப்பெண் தரவரிசையில் சேராது. “தமிழ்தானே, பார்த்துக்கலாம்” என்று விட்டவர்கள் இலக்கணத்தில் சறுக்குகிறார்கள். பத்தாம் வகுப்பு வரையுள்ள தமிழ்ப் புத்தகங்களை இலக்கணப் பகுதியோடு ஒரு முறை முழுதாகப் படித்துவிடுங்கள்.

இரண்டாவது முதன்மைத் தேர்வு, 70 மதிப்பெண். பொது அறிவு 45, உளவியல் 25. உளவியல் என்ற பெயரைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். எண் தொடர், தர்க்கம், தகவல்களைப் படித்துக் கணக்கிடுவது, இவ்வளவுதான். ஆறு முதல் பத்து வரையுள்ள பள்ளிப் புத்தகங்கள் இருந்தால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி. கைடு வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள். கிளை நூலகத்தில் கேட்டாலே பழைய புத்தகங்கள் கிடைக்கும்.

எழுத்துக்கு 70, உடல்திறனுக்கு 24, என்.சி.சி., என்.எஸ்.எஸ்., விளையாட்டுச் சான்றிதழ்களுக்கு 6, ஆக மொத்தம் 100. கல்லூரியில் படிப்பவர்கள் என்.எஸ்.எஸ். முகாமைத் தட்டிக்கழிக்காதீர்கள், ஒரு மதிப்பெண்ணில் துறையே மாறிப்போகும். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. அதற்குப் படித்த பள்ளியில் கையெழுத்து வாங்க வேண்டும். கோடை விடுமுறையில் தலைமையாசிரியரைத் தேடி அலையாமல் முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

உயரம், ஓட்டம், கயிறு எல்லாம் எவ்வளவு?

ஆண்களுக்கு 170 செ.மீ., பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 167. மார்பளவு சாதாரணமாக 81, மூச்சை இழுத்தால் இன்னும் 5 செ.மீ. விரிய வேண்டும். பெண்களுக்கு 159, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 157. ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்தில், பெண்கள் 400 மீட்டரை 2 நிமிடம் 30 நொடியில் ஓடி முடிக்க வேண்டும். இதில் தேறினால்தான் மதிப்பெண்ணுக்கான போட்டிகள்: ஆண்களுக்குக் கயிறு ஏறுதல், நீளம் அல்லது உயரம் தாண்டுதல், 100 அல்லது 400 மீட்டர் ஓட்டம். பெண்களுக்கு நீளம் தாண்டுதல், குண்டு அல்லது பந்து எறிதல், 100 அல்லது 200 மீட்டர்.

நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஓட்டம் பெரிய சிக்கல் இல்லை. வெண்ணாற்றங்கரையும் வடவாற்றங்கரையும் விடியலில் ஓடுகிறவர்களால் நிறைந்திருக்கிறது. கயிறுதான் காலை வாரிவிடுகிறது. தென்னை ஏறுகிற பிள்ளைகூடக் கயிறில் திணறுவதைப் பார்த்திருக்கிறேன். மரத்தில் கால் பிடிமானம் கொடுக்கும். கயிறில் தோளும் முன்கையும் மொத்த எடையையும் தூக்க வேண்டும். எழுத்துத் தேர்வு முடிவு வந்த பிறகு தொடங்கினால் போதாது. விண்ணப்பித்த வாரத்திலேயே ஒரு கயிற்றை மாமரத்தில் கட்டிவிடுங்கள். தஞ்சாவூருக்கு அருகில் இருப்பவர்கள் அன்னை சத்யா விளையாட்டரங்கத்தில் பயிற்சி எடுக்கலாம்.

இன்னொன்று. ஆற்று மணலில் ஓடிப் பழகினால் கால் வலுவாகும், நேரம் வராது. வாரத்தில் இரண்டு நாளாவது கெட்டித் தரையில், கடிகாரம் வைத்து ஓடிப் பாருங்கள்.

தேர்வு நடவு நேரத்திலும் மழையிலும் வருகிறதே, என்ன செய்வது?

உண்மைதான். 2022-ல் நவம்பர் 27, 2023-ல் டிசம்பர் 10. சம்பா நிற்கும் காலம், வடகிழக்குப் பருவமழை கொட்டும் காலம். வீட்டில் ஆண்பிள்ளை ஒருவன்தான் என்றால் நாற்று பறிக்கவும் வரப்பு வெட்டவும் அவன்தான் போக வேண்டும். “படிக்கிற பையனை வயலுக்கு அனுப்பாதீங்க” என்று பெற்றவர்களிடம் சொல்ல எனக்கு மனம் வராது, அந்த வயலில்தான் அவன் கட்டணமும் விளைகிறது. மேட்டூர் திறந்து குறுவை வேலை சூடுபிடிக்கும் முன்னால், மே, ஜூன் மாதங்களிலேயே பொது அறிவுப் பகுதியை முடித்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன். மழைக்காலத்துக்கு மாதிரித் தேர்வு மட்டும் மிச்சமிருக்கட்டும்.

விண்ணப்பத்தைக் கடைசி நாள்வரை தள்ளிப்போடக் கூடாது. வேதாரண்யம், கோடியக்கரைப் பக்கம் காற்று அடித்தால் மின்சாரமும் நெட்டும் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. கட்டணம் 250 ரூபாய். ஆதார், சாதிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் மூன்றிலும் பெயரும் முன்னெழுத்தும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்த பிறகு நிரப்புங்கள்.

கஜா புயலில் மார்க் ஷீட் போய்விட்டது. இப்போது என்ன செய்வது?

2018 நவம்பர் 16-க்குப் பிறகு இந்தக் கேள்வி கேட்காத ஆண்டே இல்லை. கடைசியாகப் படித்த பள்ளித் தலைமையாசிரியர் வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு விண்ணப்பித்து இரண்டாம்படி வாங்கலாம். சாதிச் சான்றிதழ் இ-சேவை மையத்தில் கிடைக்கும். இரண்டாம்படி கைக்கு வரச் சில வாரம் ஆகும். சான்றிதழ் சரிபார்ப்புக்குக் கூப்பிட்ட பிறகு ஓட முடியாது, இன்றே தொடங்குங்கள்.

ஹைட்ரோகார்பன் போராட்டத்தில் என் மேல் வழக்குப் போட்டார்கள். விண்ணப்பிக்கலாமா?

டெல்டாவில் இது மிக முக்கியமான கேள்வி. காவிரித் தண்ணீருக்காக மறியல் செய்தவர்கள், 2017-ல் கதிராமங்கலத்தில், நெடுவாசலில் உட்கார்ந்தவர்கள், கிராமத்தோடு சேர்ந்து சாலையில் நின்ற மாணவர்கள், இவர்களில் பலர் பெயர் எங்கோ ஒரு எஃப்.ஐ.ஆரில் இருக்கிறது. சிலருக்கு அது தெரியவே தெரியாது.

விண்ணப்பிக்கலாம். ஆனால் எதையும் மறைக்கக் கூடாது. வழக்கு இருக்கிறதா, இருந்ததா என்று படிவத்தில் கேட்பார்கள். தேர்வான பிறகு உள்ளூர்க் காவல் நிலையம் வழியாக விசாரணை வரும். மறைத்தது தெரிந்தால் மைதானத்தில் வாங்கிய மதிப்பெண்ணெல்லாம் வீண். 2016-ல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விரிவாகப் பேசியது. வழக்கின் தன்மையைப் பார்த்து அதிகாரி முடிவெடுக்க வேண்டும், அற்ப வழக்கை மறைத்திருந்தால் மன்னிக்கவும் இடமுண்டு என்றது. அதே நேரம், உண்மையைச் சொன்னவரைக்கூட வேலையில் எடுத்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்றும் சொன்னது. ஆகவே வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்பதுதான் உயிர்நாடி. விடுதலையா, சமரசமா, சந்தேகத்தின் பலனா, அரசு திரும்பப் பெற்றதா என்று தெரிந்துகொள்ளுங்கள். மீத்தேன் எதிர்ப்பு உள்ளிட்ட போராட்ட வழக்குகளைத் திரும்பப் பெறுவதாக 2021-ல் தமிழ்நாடு அரசு அறிவித்தது. அறிவிப்பு வந்ததால் உங்கள் வழக்கு முடிந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். நீதிமன்றத்தில் மனுப்போட்டு உத்தரவின் சான்றிட்ட நகல் வாங்கி வையுங்கள். ஒரு வக்கீலிடம் ஒரு மணி நேரம் பேசுவதற்கு ஆகும் செலவு இந்த விஷயத்தில் வீண்போகாது.

தண்ணீருக்காகச் சாலையில் நின்றது குற்றம் செய்த மனம் என்று நான் நினைக்கவில்லை. 1930-ல் வேதாரண்யத்தில் உப்பு அள்ளிய ராஜாஜியையும் திருச்சிச் சிறைக்குத்தான் கொண்டுபோனார்கள். ஆனால் விதி விதிதான். அதற்கு உரிய காகிதத்தோடு போய் நிற்க வேண்டும்.

பணம் கொடுத்தால் வேலை வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் சொல்கிறார்.

கொடுக்காதீர்கள். அறுவடைக் காசையும் அம்மாவின் தோட்டையும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு அழுதவர்களை எங்கள் ஊரிலேயே பார்த்திருக்கிறேன். விடைத்தாளைத் திருத்துவது இயந்திரம், ஓட்டத்தை அளப்பது கடிகாரம். அந்த ஆள் செய்வதெல்லாம் பத்துப் பேரிடம் வாங்கிவைப்பதுதான். அதில் தானாகவே தேறும் ஒருவரைக் காட்டி “நான்தான் போட்டேன்” என்பார். காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள்.

உள்ளே என்ன வேலை? கைதிகளை அடிக்க வேண்டியிருக்குமா?

பிள்ளைகள் இதைத் தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். கேட்கிற பிள்ளைதான் சிறைத்துறையை முதலில் போட வேண்டிய பிள்ளை என்பது என் எண்ணம்.

காலையில் பூட்டைத் திறந்து எண்ணுவது, மாலையில் உள்ளே அனுப்பி எண்ணிப் பூட்டுவது. கணக்கு ஒத்துவராவிட்டால் ஒருவரும் நகர முடியாது. இடையில் கேட், டவர், பிளாக், சமையற்கூடம், மருத்துவமனை, மனு போட்டுக் கைதியைப் பார்க்க வரும் குடும்பங்கள். கோர்ட்டுக்கு அழைத்துப் போவது ஆயுதப்படைப் போலீஸின் வேலை. சுவருக்குள் நடப்பது முழுக்கச் சிறைக்காவலர் பொறுப்பு.

அடிக்கச் சட்டத்தில் இடமில்லை. உள்ளே இருப்பவர்களில் பெரும்பாலானோருக்கு இன்னும் தண்டனையே ஆகவில்லை. 2022 கணக்கில் நாடு முழுவதும் சிறையில் இருந்தவர்களில் 75.8 விழுக்காட்டினர் விசாரணைக் கைதிகள். கும்பகோணம், மன்னார்குடி போன்ற ஊர்களின் கிளைச்சிறைகளுக்கு வருபவர்கள் பெரும்பாலும் ரிமாண்ட் ஆனவர்கள். வாய்க்கால் தகராறில் வந்தவர், சாராய வழக்கில் வந்தவர், ஜாமீனுக்கு ஆள் கிடைக்காமல் கிடப்பவர். முதல் முறை உள்ளே வந்தவர் முதல் இரவு தூங்க மாட்டார். அந்த இரவில் ரோந்து வரும் காவலர் ஒரு வார்த்தை பேசியதால் உயிரோடு இருப்பவர்கள் உண்டு என்று சித்தப்பா சொல்வார்.

கேட்டில் நிற்கும்போது ஒரு வேலையை மட்டும் ஒருநாளும் அலட்சியமாகச் செய்யக் கூடாது. புதிதாக வருகிறவர் உடலில் காயம் இருக்கிறதா என்று பார்த்துப் பதிவேட்டில் எழுதச் செய்வது, டாக்டரிடம் காட்டுவது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் போலீஸ் அடித்த ஜெயராஜும் பென்னிக்ஸும் கோவில்பட்டிக் கிளைச்சிறையில் அடைக்கப்பட்ட பிறகுதான் இறந்தார்கள். சிறை வாசலில் எழுதப்படும் ஒரு வரி எவ்வளவு கனமானது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம்.

சாதி பற்றியும் சொல்ல வேண்டும், நம் மாவட்டங்களில் அதைச் சொல்லாமல் விட முடியாது. கைதிக்குச் சாதி பார்த்து வேலை கொடுப்பதும் இடம் பிரிப்பதும் அரசியலமைப்புக்கு எதிரானது என்று 2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கூட்டுவதும் கழிவறை சுத்தம் செய்வதும் இன்னாருக்கு, சமைப்பது இன்னாருக்கு என்ற பழைய பழக்கம் சட்டப்படி செத்துவிட்டது. சீருடை போடுகிறவர் வீட்டுத் திண்ணையில் கேட்ட பேச்சை உள்ளே கொண்டுபோகக் கூடாது.

நம்ம ஊர்க்காரரே உள்ளே வந்தால்?

வருவார். சொந்தக்காரராகவும் இருக்கலாம். முதல் வேலை, மேலதிகாரியிடம் சொல்லிவிடுவது. மறைத்து வைத்தால் பிறகு நீங்கள் செய்யாத சலுகைக்கும் நீங்களே பொறுப்பாவீர்கள். வெளியே அவர் வீட்டார் வந்து “ஒரு பொட்டலம் மட்டும் குடுத்துடு மாப்ள” என்பார்கள். பீடிக்கட்டில் தொடங்கி செல்போனில் போய் நிற்கும். வேலை இழந்த காவலர்களில் பலர் கெட்டவர்கள் இல்லை, மறுத்துப் பேசக் கூச்சப்பட்டவர்கள். “மாமா, மனு போட்டுப் பாருங்க, சட்டப்படி என்ன கொடுக்கலாமோ அதைக் கேட்டில் கொடுங்க” என்று சொல்லப் பழகிக்கொள்ளுங்கள்.

பெண் பிள்ளையை அனுப்பலாமா?

தாராளமாக. பெண் கைதிகளைப் பெண் காவலர்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். நமக்கு அருகில் திருச்சியில் பெண்கள் சிறப்புச் சிறை இருக்கிறது. சிறு குழந்தையோடு வரும் தாய்மார்கள் உண்டு, அதைத் தாங்கும் மனம் வேண்டும். இரவுப் பணி இருக்கும். பெரிய சிறைகளை ஒட்டிக் காவலர் குடியிருப்பு உண்டு.

சொந்த ஊரிலேயே போஸ்டிங் கிடைக்குமா?

அந்த நம்பிக்கையோடு வராதீர்கள். மாநிலத்தில் ஒன்பது மத்திய சிறைகள். நமக்கு அருகில் 1865-ல் தொடங்கிய திருச்சி மத்திய சிறை, வடக்கே கேப்பர் மலையில் கடலூர். புதுக்கோட்டையில் இளம் குற்றவாளிகளுக்கான பார்ஸ்டல் பள்ளி இருக்கிறது. கிளைச்சிறைகள் டெல்டாவுக்குள்ளேயே உண்டு. புழலிலோ பாளையங்கோட்டையிலோ சில ஆண்டுகள் இருந்த பிறகு பக்கத்தில் வர வாய்ப்புக் கிடைக்கலாம்.

டிகிரி படித்திருக்கிறேன். காவலராகத்தான் சேர வேண்டுமா?

உதவிச் சிறை அலுவலர், சிறை அலுவலர் பதவிகளுக்கு டி.என்.பி.எஸ்.சி. தேர்வு நடத்துகிறது. பட்டப்படிப்புத் தேவை. 2023-ல் உதவிச் சிறை அலுவலருக்கு 59 இடம் வந்தது. சிறையிலிருந்து வெளியே வருபவர்களோடு வேலை செய்ய விரும்புகிறவர்கள் குரூப் 2-ல் வரும் நன்னடத்தை அலுவலர் பதவியையும் பாருங்கள். சமூகப்பணி படித்த பிள்ளைகளுக்கு அது பொருந்தும். ஆண்டுதோறும் வராது என்பதால் காவலர் தேர்வையும் எழுதிக்கொண்டே காத்திருப்பது நல்லது.

நான் காரைக்கால். எழுதலாமா?

எழுதலாம். ஆனால் சாதி அடிப்படையிலான ஒதுக்கீடும் வயதுச் சலுகையும் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்களுக்கு மட்டுமே. நீங்கள் பொதுப் பிரிவில்தான் போட்டியிட வேண்டும், 26 வயதைப் பார்த்துக்கொள்ளுங்கள். புதுச்சேரி அரசின் சிறைத்துறை தனி. அதன் அறிவிப்பையும் கவனியுங்கள். நன்னிலத்திலிருந்து காரைக்காலுக்குக் கட்டிக்கொடுத்த பெண்கள் இந்த விஷயத்தில் குழம்புகிறார்கள். பிறந்த வீட்டுப் பக்கம் வாங்கிய சாதிச் சான்றிதழ் இருந்தால் அதை எடுத்துக்கொண்டு தாலுகா அலுவலகத்தில் விசாரித்த பிறகு விண்ணப்பத்தை நிரப்புங்கள்.

கண்ணாடி போட்டிருக்கிறேன், வண்ணம் சரியாகத் தெரியாது என்கிறார்கள்.

மருத்துவப் பரிசோதனை கடைசியில்தான் வரும், அதுவரை உழைத்த உழைப்பு அங்கே நின்றுவிடக் கூடாது. வண்ணக்குருடு இருந்தால் தகுதி கிடைக்காது. விண்ணப்பிக்கும் முன் அரசு மருத்துவமனையில் கண்ணையும், கால் தட்டையாக இருக்கிறதா, முட்டி இடிக்கிறதா என்பதையும் காட்டிவிடுங்கள். ஓ.பி. சீட்டுப் போட்டால் ஒரு காலைப் பொழுதில் முடிந்துவிடும்.